ஒன்பதரை விரலும் இரண்டு பொத்தானும்

மைக்ரோகண்ட்ரோலர் போர்டுக்குப் புரோகிராம் எழுதிப் பிழைப்பவர்களுக்குப் பேய், பிசாசு பயம் இருக்காது. நாம் பார்க்காதபோது மட்டும் ஆட்டம் போடுகிற கோளாறுகளோடுதான் தினமும் குடித்தனம் நடத்துகிறோம்.

தொழில் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். உள்ளங்கை அகலத்தில் ஒரு பச்சை அட்டை, அதன் நடுவில் கறுப்பாக ஒரு சில்லு. அந்தச் சில்லுதான் மூளை. எப்போது மோட்டாரை ஓட்ட வேண்டும், எப்போது நிறுத்த வேண்டும் என்று அதற்குச் சொல்லிக்கொடுப்பது என் வேலை. சொன்னதை அது கேட்காவிட்டால் ஏன் கேட்கவில்லை என்று துருவிக் கண்டுபிடிப்பதும் என் வேலைதான். முதல் வேலை சீக்கிரம் முடிந்துவிடும். இரண்டாவதில்தான் ஆயுள் போகும். இதே பிழைப்பில் இருக்கும் சக பாவிகள் இங்கே தலையாட்டுவது எனக்குத் தெரிகிறது.

எனக்கு வீடு சுனாபட்டியில். பட்டறை குர்லாவில், கூட்டாளி கிட்டுவோடு. கிட்டு மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்த பாலக்காட்டுக்காரன். போர்டை வடிவமைத்து, சாமான்களைப் பற்றவைப்பது அவன் பாகம். புரோகிராம் என் பாகம். எந்தக் கோளாறு வந்தாலும் அவன் "புரோகிராம்" என்பான், நான் "போர்டு" என்பேன். எங்கள் கூட்டில் இன்றுவரை மீறப்படாத ஒரே ஒப்பந்தம் இதுதான். கீழே வரும் கூத்தெல்லாம் தாராவியில் ஒரே ஒரு மெஷினால் வந்தது.

கால் வேண்டாம், கை போதும்

ஜமால் பாய் மேலப்பாளையத்துக்காரர். தாராவியில் தோல் பை தைக்கும் பட்டறை வைத்திருக்கிறார். தோல் வெட்டுகிற பிரஸ் மெஷின் ஒன்றைப் பழையதாக வாங்கியிருந்தார். பலகையில் தோலை விரித்து, பையின் வடிவத்தில் வளைத்த கத்தி அச்சை அதன்மேல் வைத்தால், மேலேயிருந்து கனத்த இரும்புத் தலை இறங்கி ஒரே அமுக்கில் வெட்டிவிடும். தோல் எது, விரல் எது என்று அது பார்க்காது. வந்தபோது அதற்குக் கால் பெடல்தான் இருந்தது. காலால் மிதித்தால் தலை இறங்கும். அப்போது கை இரண்டும் சும்மா இருக்கும். சும்மா இருக்கிற கை பழக்கத்தில் அச்சைச் சரிசெய்யப் போகும். அதனால் பெடலைக் கழற்றிவிட்டு, தள்ளித் தள்ளி இரண்டு பொத்தான் வேண்டும் என்றார் பாய். இரண்டு கையாலும் ஒரே சமயத்தில் அமுக்கினால் மட்டுமே தலை இறங்க வேண்டும். ஒன்றை மட்டும் அமுக்கினால் மெஷின் அசையவே கூடாது.

அந்த மெஷினில் உட்காரப்போகிறவர் ஐசக் அண்ணாச்சி. முன்பு வேறொரு பட்டறையில் பெடல் மெஷினில் இடதுகைச் சுண்டுவிரலில் பாதியைக் கொடுத்துவிட்டு வந்தவர். ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச்சில் கீபோர்டு வாசிப்பவரும் அவர்தான். நான் அளவெடுத்துக்கொண்டிருந்தபோது தன் இரண்டு கைகளையும் என் முன்னால் விரித்துக் காட்டினார். எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. அவருக்கு அந்தச் சங்கடம் எதுவும் இல்லை.

"பாட்டுக்கு இந்த ஒம்பதரை போதும் மேடம். இதுலயும் கொறஞ்சா அப்புறம் சபையில என்னைய காணிக்கைப் பை புடிக்கத்தான் வுடுவாவ."

மினுக்குகிற விளக்கு

புது போர்டு கையில் வந்ததும் நாங்கள் முதலில் செய்வது அதிலிருக்கிற கடுகளவு விளக்கை மினுக்க வைப்பது. விளக்கு மினுங்கினால் சில்லுக்கு உயிர் இருக்கிறது, நாம் பேசுவது அதற்குக் கேட்கிறது என்று அர்த்தம். பிள்ளை பிறந்ததும் முதல் அழுகைச் சத்தத்துக்குக் காத்திருப்பார்களே, அந்த மாதிரி. அன்றைக்கு அந்த விளக்கு எங்களைப் படாதபாடு படுத்திவிட்டது. கேபிளை மாற்றினோம், லேப்டாப்பை மாற்றினோம், கிட்டு தன் சட்டையைத் தவிர எல்லாவற்றையும் மாற்றிப் பார்த்தான். கடைசியில் மினுங்கியது. நாங்கள் இருவரும் கைதட்டிக்கொண்டிருந்த அந்த நேரம் பார்த்து, வேலை எந்த மட்டில் இருக்கிறது என்று பார்க்க ஜமால் பாய் உள்ளே வந்தார்.

பெருமையாகக் காட்டினேன். பாய் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார். விளக்கு எரிந்தது, அணைந்தது, எரிந்தது. இன்னும் ஏதாவது வரும் என்று பொறுமையாக நின்றார். ஒன்றும் வரவில்லை.

"தங்கச்சி, எங்க சந்து முக்குல ஒரு டியூப்லைட்டு வருசக்கணக்கா இப்படித்தான் மினுக்கிட்டுக் கெடக்கு. அதையும் நீங்கதான் செஞ்சியளா?"

எவர்சில்வர் டப்பா

போர்டை வெளியே கொண்டுபோகும்போது நான் எவர்சில்வர் டிபன் டப்பாவில் வைத்துத்தான் எடுத்துப்போவேன். லோக்கல் ரயில் கூட்டத்தில் நசுங்காது. அதற்கு முன் கிட்டு செய்ய வேண்டிய சடங்கு ஒன்று இருக்கிறது. பட்டறையை விட்டுக் கிளம்பும் எந்த போர்டுக்கும் சந்தனத்தைக் குழைத்து ஒரு பொட்டு வைத்து, மேலே குங்குமம் இடுவான். வழக்கமாக மூலையில் வைப்பான். இந்த போர்டு சின்னது, நாலு மூலையிலும் திருகாணி. இடம் தேடி, நடுவில் சில்லை ஒட்டி ஒரு காலி இடத்தைப் பார்த்து வைத்தான். பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது.

தாராவியில் பாய், ஐசக் அண்ணாச்சி, தையல் மெஷின்காரர்கள் எல்லோரும் சுற்றி நிற்க, நான் டப்பாவைத் திறந்தேன். உள்ளே தயிர்சாதம், ஓரத்தில் மாவடு. போர்டு குர்லாவில் மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருந்த கிட்டுவின் முன்னால் இருந்தது. அவன் போன் போட்டு, "செல்வி, என் சாதம் எங்கே?" என்று கேட்டதும், ஓடி வந்து டப்பாவை மாற்றிக்கொண்டு போனதும் பிறகு. அதற்குள் ஐசக் அண்ணாச்சி கையில் ஒயர்களைப் பிடித்தபடி தயிர்சாதத்தை ரொம்ப மரியாதையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மேடம், பொத்தான் ஒயர சாதத்துல சொருவணுமா, மாவடுலயா?"

தும்மல்

மாட்டிய பிறகு மெஷின் அருமையாக ஓடியது. ஒரு பொத்தானுக்கு அசையவில்லை, இரண்டுக்கும் இறங்கியது. நான் நிம்மதியாக அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விட்டேன். பிறகு மழை பிடித்துக்கொண்டது. நசநசவென்று ஓயாத மழை. ஒரு நாள் காலையில் பாய் போன் செய்தார். குரலே சரியில்லை. ஐசக் அண்ணாச்சி வலது கையால் கத்தி அச்சை நகர்த்திக்கொண்டிருந்திருக்கிறார். இடது கை சும்மா இடது பொத்தான்மேல் இருந்திருக்கிறது. திடீரென்று ஒரு தும்மல். வலது கை வாயைப் பொத்தப் போயிருக்கிறது, தும்மின வேகத்தில் இடது கை பொத்தானை அமுக்கியிருக்கிறது. ஒரே ஒரு பொத்தானுக்குத் தலை இறங்கிவிட்டது. அவர் கை ஒரு கணம் முன்பு இருந்த இடத்தில் தோல் வெட்டுப்பட்டுக் கிடந்தது.

நான் போனைப் பிடித்தபடி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அந்த மெஷினை இறங்கு என்றும் நில் என்றும் சொல்வது என் புரோகிராம். நாங்கள் இருவரும் ஓடிப்போய் நின்றபோது ஐசக் அண்ணாச்சி டீ குடித்துக்கொண்டிருந்தார். கிட்டு என்ன பேசுவது என்று தெரியாமல், "தும்மல் எங்காத்துல அபசகுனம்பா" என்று உளறிவைத்தான். அண்ணாச்சி கிளாஸைக் கீழே வைத்தார்.

"அந்தத் தும்மல் வரலைன்னா இந்நேரம் ஒம்பதரை நாலரையாப் போயிருக்கும் தம்பி. இனிமே எவனாவது தும்மல அபசகுனம்னு சொன்னா எனக்குக் கோவம் வரும், பாத்துக்கிடுங்க."

காற்றாடி உபசாரம்

அன்றே மெஷினை நிறுத்திவிட்டு, மறுநாள் சோதித்துப் பார்க்க பாய் என்னைக் கூப்பிட்டார். லேப்டாப்போடு போனேன். நல்ல மனுஷர். பட்டறையில் இருந்த ஒரே நல்ல ஸ்டூலை எனக்குப் போட்டார். தையல்காரர்கள் பக்கம் இருந்த மேசைக் காற்றாடியை எடுத்து வந்து நேராக என் பக்கம் திருப்பி வைத்தார். நான் மெஷினில் போர்டு மாட்டிய பெட்டியைத் திறந்து கேபிளைச் சொருகினேன். தலைக்கு அடியில் மரக்கட்டையை வைத்துவிட்டு இடது பொத்தானை அமுக்கினேன். ஒன்றும் இல்லை. வலது, ஒன்றும் இல்லை. இரண்டும், இறங்கியது. சாயங்காலம்வரை அமுக்கினேன், சொன்ன பேச்சுத் தட்டாத பிள்ளையாக இருந்தது. பெட்டியை மூடிவிட்டு வந்தேன். மறுநாள் காலை மழையில் பாய் எட்ட நின்று ஒரு கம்பால் ஒரே பொத்தானை அமுக்கிப் பார்த்தால், தடாலென்று இறங்குகிறது.

மறுபடி போனேன். மறுபடி ஸ்டூல், காற்றாடி, டீ. மறுபடி மெஷின் பரம சாது. குர்லாவில் ஏசி அறையில் இதே மாதிரி இன்னொரு சில்லை வைத்து அமுக்கு அமுக்கென்று அமுக்கினோம், அதுவும் ஒழுங்கு. வீட்டுக்கு வந்தால் பாயின் போன். கோளாறை ஒரு தடவை, ஒரே ஒரு தடவை என் கண்முன்னால் காட்டிவிடு என்று வேண்டாத தெய்வம் இல்லை. பாய் மட்டும் கோபப்படவே இல்லை. அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

"உங்களக் கண்டா அதுக்கு ஒரு பயம் இருக்கு தங்கச்சி. உங்க போட்டோ ஒண்ணு குடுத்துட்டுப் போங்க, மெஷினுக்கு மேல மாட்டி வைக்கேன்."

ஒப்பந்தம்

அந்த வாரம் நானும் கிட்டுவும் பேசிக்கொண்டதை எழுத முடியாது. பொத்தானை மூன்று முறை சரிபார்த்த பிறகே நம்பு என்று புரோகிராமை மாற்றினேன். பிறகு வேறு மாதிரி எழுதினேன். பிறகு எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து எழுதினேன். கிட்டு ஒவ்வொரு பற்றவைப்பையும் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தான். "போர்டு" என்றேன். "புரோகிராம்" என்றான். இதற்கிடையில் பாய் தயங்கித் தயங்கி ஒரு செய்தி சொன்னார். பைகளுக்கு ஆர்டர் ஒப்புக்கொண்டாகிவிட்டது, கையால் வெட்டி மாளவில்லை. சனிக்கிழமை மெக்கானிக் வந்து பழைய கால் பெடலையே மாட்டப்போகிறார். அதில் உட்கார ஐசக் அண்ணாச்சியும் சரியென்று சொல்லிவிட்டாராம்.

அவர் சரி என்றதுதான் எனக்குத் தாங்கவில்லை. அரை விரலைத் தின்ற மாதிரியே ஒரு பெடலுக்கு முன்னால், எங்களால் மறுபடி உட்காரப்போகிறார். அந்த ஆத்திரத்தை எங்கே காட்டுவது? கிட்டுமேல் காட்டினேன். உன் போர்டு, உன் போர்டு என்று கத்தினேன். அவன் அதிசயமாகப் பதிலுக்குக் கத்தவில்லை.

"உன் புரோகிராம்ல தப்பில்லைங்கறே, என் போர்டுல தப்பில்லைங்கறேன். அப்போ தப்பு என்ன, அந்த மனுஷனோட விரல்லயா இருக்கு?"

காற்றாடி ரிப்பேர்

சனிக்கிழமை காலை கொட்டுகிற மழையில் போய் இறங்கினேன். பெடல் ஒரு சாக்கில் தயாராகக் கிடந்தது. மெக்கானிக் அதன் பக்கத்தில் உட்கார்ந்து பீடி பிடித்துக்கொண்டிருந்தார். ஜமால் பாய்க்கு என்னைப் பார்த்ததும் பெரிய வருத்தம், மெஷினைப் பற்றி அல்ல. காற்றாடி எரிந்துபோய் ரிப்பேருக்குப் போயிருக்கிறதாம். புழுக்கத்தில் உட்கார வைக்க வேண்டியிருக்கிறதே என்று மாய்ந்து போனார். பரவாயில்லை பாய் என்று பெட்டியைத் திறந்து கேபிளைச் சொருகினேன். இடது பொத்தானை மட்டும் அமுக்கினேன். தலை தடாலென்று இறங்கியது. லேப்டாப் திரையில், இடது அமுக்கப்பட்டது, வலது அமுக்கப்பட்டது என்று இரண்டு வரி. வலது பொத்தானை யாரும் தொடவே இல்லை. "வந்துடுச்சு! வந்துடுச்சு!" என்று குதித்தேன். மெக்கானிக் எழுந்து சுவரோரமாக நகர்ந்தார். சக பாவிகளுக்கு மட்டும் புரியும்: அழிச்சாட்டியம் பண்ணுகிற கோளாறு கண்முன்னால் வந்து நிற்பதைப்போல ஆனந்தம் உலகத்தில் இல்லை.

டார்ச் அடித்து போர்டைப் பார்த்தேன். நடுவில் கிட்டு வைத்த பொட்டு. எங்கள் போர்டு எல்லாவற்றிலும் இருப்பதால் அது என் கண்ணில் படுவதே இல்லை. இதுநாள்வரை வெளிறிக் காய்ந்து கிடந்த பொட்டு அன்று ஈரத்தில் ஊறி, சிவப்பாகப் பரவி நின்றது. நின்ற இடம், இரண்டு பொத்தான்களின் ஒயர்களும் சில்லுக்குள் நுழைகிற இடம். காய்ந்திருந்தால் அது வெறும் சந்தனம். ஈரமானால் சில்லின் ஒரு உலோகக் காலிலிருந்து பக்கத்துக் காலுக்கு மின்சாரம் போக அதுவே பாலம். ஒன்றை அமுக்கினால் இரண்டையும் அமுக்கியதாகச் சில்லு நினைக்கும். பெட்டியை மூடிவைத்தால் மழையிலும் தோலின் ஈரத்திலும் பொட்டு ஊறும். நான் வந்து திறந்ததும், பாயின் காற்றாடி அதைக் காயவைத்துவிடும். இத்தனை நாளும் அவர் எனக்குச் செய்த உபசாரத்தில்தான் கோளாறு ஒளிந்திருக்கிறது.

பஞ்சில் ஸ்பிரிட்டைத் தொட்டு நன்றாகத் துடைத்தெடுத்தேன். இடது பொத்தான்: இடது மட்டும். வலது: வலது மட்டும். ஈரத்துணியைப் பக்கத்தில் வைத்து மூடி, வெகுநேரம் கழித்துத் திறந்து அமுக்கினேன். தலை அசையவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது, மறைக்கவும் இல்லை. ஆனால் காரணத்தைப் பாயிடம் சொல்ல வேண்டுமே. என்ன நினைப்பாரோ என்று தயங்கி, மென்று விழுங்கிச் சொல்லி முடித்தேன். பாய் துடைத்த பஞ்சை வாங்கிப் பார்த்தார். மெக்கானிக்கிடம் சாக்கை எடுத்துக்கொண்டு போகச் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"பொட்டு வைக்கது நல்ல காரியந்தான் தங்கச்சி. நெத்தியில வைங்க. மூளையிலயா கொண்டுபோய் வைக்கது?"

யார் கையை வைப்பது

நான் போனில் விஷயத்தைச் சொன்னதும் கிட்டு போனை வைத்தான். பிறகு தொப்பலாக நனைந்து தாராவிக்கே வந்துவிட்டான், போர்டின்மேல் ஈரம் ஏறாமல் பூசுகிற வார்னிஷ் புட்டியோடு. தானே பூசினான், தானே காயவைத்தான். அப்புறம் சட்டைக் கையை மடித்துவிட்டு, "நான் வச்ச பொட்டு. முதல்ல என் கையை அடியில வைக்கறேன், ஒத்தைப் பொத்தானை அமுக்குங்கோ" என்றான். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. முகம் வெளுத்திருந்தது.

ஐசக் அண்ணாச்சி அவனைத் தோளைப் பிடித்து நகர்த்திவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். அடியில் தோலை மட்டும் விரித்தார். வலது கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, இடது பொத்தானை ஓங்கி அமுக்கினார். ஒன்றும் நடக்கவில்லை. கையை மாற்றி வலதை. ஒன்றும் இல்லை. பிறகு இரண்டையும் சேர்த்து அமுக்க, தலை இறங்கி ஏறியது. வெட்டின துண்டை எடுத்து விரல்களால் ஓரத்தைத் தடவிப் பார்த்தார், ஒவ்வொரு விரலாக.

"கையைக் குடுத்து எதையும் நிரூபிக்கண்டாம் தம்பி. அப்புறம் அடுத்த போர்ட யாரு பத்தவைக்கது?"

ஞாயிற்றுக்கிழமை

மறுநாள் ஆராதனைக்கு வரச் சொல்லி ஐசக் அண்ணாச்சி எங்கள் இருவரையும் அழைத்திருந்தார். போனோம். கடைசி வரிசையில் உட்கார்ந்தோம். அண்ணாச்சி வெள்ளைச் சட்டையில் ஆளே மாறியிருந்தார். கீபோர்டில் கை வைத்ததும் நான் பாட்டைக் கேட்கவில்லை, விரல்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அரை விரலும் தன் பங்குக்கு ஓடிக்கொண்டிருந்தது. அந்த வாரம் முழுக்க நெஞ்சில் உட்கார்ந்திருந்த கல் எப்போது இறங்கியது என்று தெரியவில்லை, பாட்டு முடிந்தபோது அது அங்கே இல்லை.

வெளியே வந்ததும் எப்படி இருந்தது என்று கேட்டார். பிரமாதம் என்றேன். "நடுவுல ஒரு எடத்துல தப்பா வாசிச்சிட்டேன், கவனிச்சியளா?" என்று பத்து பேருக்குக் கேட்கும்படி சிரித்தார். "வெரலு எல்லாம் சரியாத்தான் இருக்கு மேடம். பாட்டத்தான் ஒழுங்காப் படிக்கல." கிட்டுவின் முகம் மலர்ந்தது. முந்தின நாளிலிருந்து முகம் தொங்கிப்போயிருந்தவன், என் காதருகே குனிந்தான்.

"கேட்டுண்டியா செல்வி? போர்டு நன்னா இருக்கு. புரோகிராம்தான் தப்பு."

மங்கலமாக வைத்த பொட்டு விரலைக் கேட்டு, அபசகுனமாக வந்த தும்மல் விரலைக் காப்பாற்றிக் கொடுத்த பிறகு, எங்கள் பட்டறையில் இப்போதெல்லாம் பொட்டைப் பெட்டி மூடியின் வெளிப்பக்கம் வைத்துவிட்டு, போர்டு கிளம்பும் நேரத்தில் யாராவது தும்மினால் நல்ல சகுனம் என்று எடுத்துக்கொள்கிறோம்.